அன்று அடிக்காத விசில்

எங்கள் பதினெட்டாம் எண் பஸ் டிரைவருக்கு டிப்போவில் வைத்த பெயர் நாப்பது. வயதைச் சொல்லவில்லை, வேகத்தைச் சொன்னார்கள். காலிச் சாலையில்கூட வண்டியின் முள் நாற்பதைத் தாண்டாது. பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டித் தீர்ப்பான். இவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போப்பா ராசா, போய்ச் சேரு" என்று வழிவிடுவார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதைத் தினமும் ஒரு தடவையாவது அவரே சொல்லிவிடுவார், நாங்கள் மறந்து தொலைத்துவிடுவோமோ என்று.

நான் அவருடைய கண்டக்டர். பத்தொன்பது வருஷமாக ஒரே ஜோடி. அவர் முதுகைப் பார்த்த அளவுக்கு நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். என் மனைவியே இதைச் சொல்லிக் காட்டுவாள்.

வெளியாளுக்கு விசில் வெறும் சத்தம். எங்களுக்கு அது பேச்சு. ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு. இரண்டு விசில் காதில் விழாமல் நாப்பது அண்ணன் கியரில் கை வைக்க மாட்டார். ஒருமுறை முதல் விசில் அடித்ததும் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அடுத்தடுத்து ஏழு தும்மல். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி இரண்டு அடிக்கும்வரை, பஸ் நிறையக் கூட்டத்தை வைத்துக்கொண்டு மனிதர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இந்த இரண்டும் எல்லா பஸ்ஸுக்கும் பொது. எங்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் டீ குடிக்கும்போது அண்ணன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "தம்பி, இடது பக்கம் சைக்கிளு கைக்கிளு ஒட்டிக்கிட்டு வந்தா சின்னதா ஒரு துண்டு விசில் குடேன். இப்பல்லாம் எல்லாரும் சந்துல பூந்து வர்றாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டிரைவர் கண்டக்டரிடம் உதவி கேட்பதா! அன்றிலிருந்து பின்வாசல் படியில் நின்று இடது பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன். துண்டு விசில் அடித்தால் பிரேக்கை லேசாக அழுத்தி, ஒரு முழம் வலப்பக்கம் ஒதுங்குவார். டிப்போவில் வேறு எந்த ஜோடிக்கும் இந்த விசில் தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. திடீரென்று ஏன் கேட்கிறார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இன்று நினைத்தால் என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருஷம் அவருடைய லைசென்ஸ் காலாவதியாக ஒரு மாதம் இருந்தது. ஓய்வு பெறப் பதினான்கு மாதம். அந்த வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். கண், காது, கை கால், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாவிட்டால் ஸ்டியரிங் இல்லை. ஸ்டியரிங் இல்லாத அண்ணனை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியாது.

அந்தச் சமயத்தில் என் மனைவிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். பன்னிரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்து பஸ்ஸைப் பார்த்தால், இடது கண்ணாடியைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. இடது பக்கம் முழுக்கக் கீறல். எண்ணினேன், ஐந்து. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை.

"எல்லாம் ரெண்டாவது ஷிப்டுக்காரன் வேலை" என்றார் அண்ணன். "அவன் வண்டிய ஓட்டல, செவுத்துல தேய்க்கிறான்."

நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் எனக்குப் பதிலாகப் பன்னிரண்டு நாள் ஏறியிருந்த கண்டக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க டிரைவர் இடது கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறாரு? போன புதன்கிழமை ஸ்கூல் பொண்ணு ஒண்ணு சைக்கிள்ல வந்துச்சு. நேரா அது மேல சாய்க்கிறாரு. நான் கத்துனேன். அந்தப் பொண்ணு சைக்கிள விட்டுட்டுக் குதிச்சுதோ, பொழச்சுதோ. என்னண்ணே இதுன்னு கேட்டா, மரக்கிளை ஒரசிடுச்சுங்கறாரு."

அந்தப் பன்னிரண்டு நாளில் பஸ்ஸில் எல்லாம் இருந்தது. டிரைவர் இருந்தார், கண்டக்டர் இருந்தார், விசிலும் இருந்தது. என் துண்டு விசில் மட்டும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிடச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். அண்ணி எனக்குத் தண்ணீர் டம்ளரை இடது கைப்பக்கம் வைத்தார். அண்ணனுக்கு மட்டும் வலது பக்கம், தட்டை ஒட்டி. சோற்றுக் கையால் டம்ளரை எடுக்க முடியாமல் அவர் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து எடுத்துக் குடித்தார். அவர் கை கழுவப் போனதும் கேட்டேன்.

"என்ன அண்ணி, டம்ளர அந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க?"

"இந்தப் பக்கம் வெச்சா தட்டி விட்டுடறாரு தம்பி. தினமும் தரையத் தொடைக்க என்னால ஆகல. ரெண்டு வருசமா அங்கதான் வெக்கிறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலை இறக்கினார். "கண்ணுல அழுத்தம் இருக்குன்னு நாலு வருசத்துக்கு முன்னாடியே ஒரு டாக்டர் சொட்டு மருந்து குடுத்தாரு. நிறுத்தவே கூடாதுன்னாரு. ரெண்டு மாசம் விட்டாரு. வலிக்கல, பேப்பர் நல்லாத்தான் தெரியுதுன்னு நிறுத்திட்டாரு. பாட்டில் இன்னும் ஃபிரிட்ஜுக்குள்ளதான் கெடக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அண்ணி டம்ளரை மாற்றிவைத்தார். பஸ்ஸில் நான் விசில் அடித்தேன். இரண்டு பேரும் பாசத்தோடு சேர்ந்து, அந்த மனிதரின் கண் போவதை அவருக்கே தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறோம்.

மருத்துவச் சான்றுக்குப் போன அன்று அவரோடு நானும் போனேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். படிவத்தின் முதல் பக்கம் நாமே நிரப்புவது. வலிப்பு வருமா, மயக்கம் வருமா, கண்ணில் நோய் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அண்ணன் பேனாவை எடுத்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று மேலிருந்து கீழே கடகடவென்று போட்டுக்கொண்டே போனார். ஒன்றையாவது படித்தாரா என்று தெரியவில்லை. எங்கள் டிப்போவில் எல்லோரும் அப்படித்தான் போடுவோம்.

டாக்டர் அறையில் சுவரில் எழுத்து அட்டை. கறுப்புக் கரண்டியால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் மேல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பொடி எழுத்து. வலது கண், இடது கண், இரண்டிலும் கடைசி வரிவரை தங்குதடையில்லாமல் படித்தார். படித்துவிட்டு, "கீழ அச்சடிச்சவன் பேரு இருக்கு சார், அதையும் படிக்கவா?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். "இந்த வயசுல எனக்கே இப்படித் தெரியாதுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்தினார்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அட்டையைப் படித்ததில் மனிதர் எந்த ஏமாற்றும் செய்யவில்லை. அட்டை கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார். நேராக இருப்பது அவருக்குத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பதுதான் தெரியவில்லை. பக்கத்தில் என்ன தெரிகிறது என்று அந்த அட்டை கேட்கவே இல்லை. வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, வந்த சொல்லை மென்று விழுங்கினேன்.

டிப்போவுக்குத் திரும்பினோம். பன்னிரண்டு பத்துக்கு எங்கள் அடுத்த நடை கிளம்ப வேண்டும். பஸ் காலியாகச் சுவரைப் பார்த்து நின்றது. அவர் ஏறி உட்கார்ந்ததும் சொன்னேன்: "அண்ணே, ஒரு சின்ன வெளையாட்டு. அந்தச் செவுத்தையே பாருங்க. தலையத் திருப்பக் கூடாது. என் டிக்கெட் புத்தகம் கண்ணுல பட்டதும் சொல்லுங்க."

"டாக்டர் பாத்தது பத்தாதுன்னு நீ வேறயா? சரி, காட்டு."

முதலில் கீழே நின்று வலது ஜன்னலோரம் புத்தகத்தைப் பின்னாலிருந்து கொண்டுவந்தேன். தோளைத் தாண்டியதும், "தெரியுது" என்றார். பிறகு பஸ்ஸுக்குள் ஏறி அவருடைய இடது பக்கம் நின்றேன். தோளைத் தாண்டினேன், காதைத் தாண்டினேன். கன்னத்துக்கு நேராக, தொட்டுவிடும் தூரத்தில் புத்தகத்தை ஆட்டினேன். கியர் கம்பியைத் தாண்டி, முன் கண்ணாடிப் பக்கம் கை போய்விட்டது.

"என்ன தம்பி, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

கையை எடுக்காமல் சொன்னேன்: "தலையத் திருப்பிப் பாருங்கண்ணே."

திருப்பினார். என் கையைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"ராத்திரி தூக்கம் சரியில்ல. அதான்."

"அண்ணே, போன புதன்கிழமை..."

"பதினாலு மாசம்தான் தம்பி. நீ விசில் குடு, மத்தத நான் பாத்துக்கறேன்."

"நான் லீவு போட்டா?"

"லீவு போடாத" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நேரமாகிவிட்டது. வண்டியை வெளியே எடுத்து ஏறும் இடத்தில் நிறுத்தினோம். கூட்டம் ஏறியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்வாசலில் விசிலை வாயில் வைத்தேன். கேட்டுக்கு வெளியே மதியம் பள்ளி விட்டு, பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் விசில் அடிக்கவில்லை.

"என்ன கண்டக்டரே, விசில்ல அடைப்பா?" என்றார் ஒருவர். சிரித்தார்கள். இரண்டு நிமிஷம் ஆனதும் சிரிப்பு நின்றது. "ஆஸ்பத்திரில பார்வையாளர் நேரம் முடியப் போவுது, இந்தாளு செலையாட்டம் நிக்கிறாரே" என்று ஓர் அம்மாள் கத்தினார். யாரோ பஸ்ஸின் பக்கத் தகரத்தைப் படபடவென்று தட்டினார்கள். உள்கண்ணாடியில் அண்ணனின் கண்கள் என்னைத் தேடிப் பிடித்தன. நான் தலையைக் குனியவில்லை. என்ன ஏது என்று அவர் கேட்கவும் இல்லை, வண்டியை எடுக்கவும் இல்லை. இரண்டு விசில் இல்லாமல் வண்டியை எடுக்க அவருக்குத் தெரியாது.

எஞ்சின் நின்றது. அவர் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி இடது பக்கத்துக்கு வந்தார். ஒவ்வொரு கீறலாக உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டு வந்தார். ஐந்தாவதில் கை நின்றது. அதில் ரோஸ் நிறச் சாயம் அப்பியிருந்தது. சின்னப் பெண்கள் ஓட்டுகிற சைக்கிளின் நிறம்.

"இது?"

"புதன்கிழமை. அந்தப் பொண்ணு குதிச்சிடுச்சு. அடி ஒண்ணும் இல்லையாம்."

"எனக்குத் தெரியவே இல்லையேடா" என்றார். பத்தொன்பது வருஷத்தில் என்னை அவர் 'டா' போட்டது அந்த ஒருமுறைதான்.

பஸ் சாவியை என் கையில் திணித்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்கு நடந்தார். கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. அதுவும் என்னால்தான்.

பிறகு பெரிய கண் ஆஸ்பத்திரியில் ஒரு கருவிக்குள் முகத்தை வைத்துச் சோதித்தார்கள். புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இடது பக்கம் வந்த புள்ளிகளுக்கு அவர் அழுத்தவே இல்லையாம். இரண்டு கண்ணிலும் நரம்பு கெட்டிருந்தது, இடதில் அதிகம். போன பார்வை வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை. மீதி மாதங்களுக்கு, பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிற குடைகளையும் சாப்பாட்டு டப்பாக்களையும் காக்கிற அறையில் அவரை உட்கார வைத்தார்கள்.

என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போய் நின்றால் குடைகளைத் திருப்பித் திருப்பி அடுக்குவார். அண்ணியிடம் சொல்லி அழுதேன். "டம்ளர மாத்தி வெச்சதுக்கு என்கிட்டயுந்தான் பேசல தம்பி. முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, அவ்வளவுதான். என்ன பதில் சொல்றது?" என்றார். மூன்று வருஷம் வாயில் விசிலை வைத்திருந்தவன் நான்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் பஸ்ஸிலேயே ஏறினார். வேறு வண்டி வரவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்க்காமல் பாஸை நீட்டிவிட்டு, பின்வாசலை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டுகிறவர் புது டிரைவர், கெட்டிக்காரர், ஐம்பத்தைந்தில் போகிறவர். மார்க்கெட் வளைவில் இடது பக்கம் ஒரு சைக்கிள் ஒட்டி வந்தது. பழக்கதோஷம், என் வாயிலிருந்து துண்டு விசில் வந்துவிட்டது.

புது டிரைவருக்கு அது என்னவென்றே தெரியாது. அவர் கண்ணாடியில் சைக்கிளைப் பார்த்து, தன் பாட்டுக்கு ஒதுங்கிப் போனார்.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் மட்டும் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சைக்கிள் எங்களைக் கடந்து போகும்வரை அவர் அந்தக் காலை எடுக்கவில்லை.