அவரே நோயாளி, அவரே மொழிபெயர்ப்பாளர்

தன் குடலில் வெட்டி எடுத்த புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறது, இந்த முறை வெட்டப் போவதில்லை, ஊசியை உள்ளே விட்டுக் கட்டியைச் சுட்டுவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஊசியைக்கூட நம்பியிருப்பேன். சொன்னவரைத்தான் நம்ப முடியவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் இவரைப் பார்க்கும் மருத்துவர் சிங்களத்தில்தான் பேசுவார். எனக்குத் தெரிந்த சிங்களம் ராகலை மரக்கறிச் சந்தையில் கோவா விலை கேட்க மட்டும் போதும். இவரோ இருபது வருடம் தோட்டத்து லொறி ஓட்டியவர், தண்ணீராகப் பேசுவார். மருத்துவர் கால் மணி நேரம் பேசினார். இவர் எனக்கு இரண்டே வரியில் முடித்தார்.

"அவ்வளவுதானா சொன்னாரு?"

"வேற என்னா சொல்லணும்? பயப்பட ஒன்னுமில்லயாம்."

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லக் கால் மணி நேரம் எதற்கு?

சுட்ட மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் முத்திரை அளவு பிளாஸ்டர். குடலை வெட்டியபோது பதினெட்டுத் தையல், பத்து நாள் கட்டில்; அதை நம்பினேன். லயத்து வரிசை வீடுகளிலிருந்து பார்க்க வந்தவர்களும் "அதுக்குள்ளயா அனுப்பிட்டாங்க?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கைவிரித்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில். எண்களை மட்டும் தேடிப் பார்த்தேன். முன்பு இரண்டு சென்ரிமீற்றர், இப்போது நான்கு. அதற்குக் கீழே எழுதியிருந்த எதுவும் என் கண்ணில் படவில்லை. தாளை மருத்துவர் முன்னால் வைத்து அந்த நான்கை விரலால் தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பிறகு சிரிக்காமல் நீளமாகச் சொன்னார்.

"கட்டிய சுத்திக் கொஞ்சம் சேத்தே சுட்டிருக்காங்களாம். அந்தத் தழும்புதான் பெருசாத் தெரியுதாம். போகப் போக சுருங்கிருமாம்" என்றார் இவர்.

"சிரிக்காம சொன்னது என்னா?"

"அதேதான்."

வெளியே, அடுத்து வர வேண்டிய திகதி கொடுக்கும் மேசையில் தமிழ் பேசும் தாதி ஒருத்தி இருந்தாள். இவர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்துத் தாளை நீட்டினேன்.

"மிஸ், கட்டி பெருசாகல, சுட்ட தழும்புதான்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. நெசமா?"

அவள் பொறுமையாக வாசித்தாள். "நெசந்தாங்க. சுட்ட எடம் சுத்தமா இருக்கு."

இந்த மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. அவள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஈரலோட மத்தப் பக்கத்துல புதுசா ஒன்னு வந்திருக்குல்ல. டொக்டர் சொல்லியிருப்பாரே."

இவர் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏங்க மறைச்சீங்க?"

"வீட்டுக்குப் போயி சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"பொய்."

அவர் சுவரோர வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சின்னதுதானாம். அதையும் இதே மாதிரி சுட்டுறலாமாம்." என்னைப் பார்க்காமல் சொன்னார்.

தாதி பத்தடி தள்ளித்தான் இருந்தாள். எழுந்து போய் அது உண்மையா என்று கேட்டிருக்கலாம். நான் அவருடைய பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க" என்றேன்.