ஜம்பு மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

போத்தலின் மூடியைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் ஜம்பு மரத்தடியில் ஊற்றினார் ஜெயம்மா. கடைசிச் சொட்டுவரை உதறினார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குடிக்காத வாயை ஏன் துடைக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. தோட்டத்து மனுஷி, மரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். பதினான்கு நாள் மெச்சினேன். குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிக்கூட வைத்தேன். எழுதுகிறவன் புத்தி அப்படி.

இது 2007இல். புற்றுநோய் ஆஸ்பத்திரியில், கதிர் வைக்கும் அறைக்கு வெளியே போட்டிருந்த நீள பெஞ்சு அது. என் மச்சானுக்குத் தொண்டையில் நோய், அவருக்கும் அங்கேதான் கதிர். அவரை வார்டில் விட்டுவிட்டு, கொடகவெலயில் என் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டு, தெரிந்தவர் வீட்டில் ஒண்டியிருந்தேன். ஜெயம்மாவுக்கு, குடல் முடிகிற இடத்தில் கட்டி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வருஷமாக "மூலம்" என்றே சொல்லி வைத்திருந்தார். டிஸ்பென்சரியில் கொடுத்த களிம்பும் மூலத்துக்குத்தான்.

வயது ஐம்பத்து மூன்று. கரவனெல்லைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷமாகப் பால் வெட்டுகிறார். வலது தோள் இடதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும், பால் வாளி தூக்கிய தோள். எங்கே உட்கார்ந்தாலும் காலைத் தூக்கிக் கணுக்காலைத் தடவிப் பார்ப்பார், அட்டை ஏறியிருக்கிறதா என்று. சீமெந்துத் தரையிலும் பார்ப்பார். தாதிமாரோடு சிங்களத்தில் சரளமாகப் பேசுவார், என்னோடு தமிழில். இரண்டிலும் குரல் தணிந்துதான் வரும்.

இருபத்தைந்து நாள் கதிர் வைத்து, கட்டி சுருங்கிய பிறகுதான் ஒப்பரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். ஜெயம்மா தினமும் ஊரிலிருந்தே வந்துபோனார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் தமிழர் இந்தப் பக்கம் தங்குவதென்றால் பொலீஸில் பதிய வேண்டும். பதிந்துகொண்டு தங்குவதற்கும் அவருக்கு வீடு கிடையாது. விடியுமுன் பஸ் ஏறி, அவிசாவளையில் இன்னொரு பஸ் மாறி, வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏறி வருவார். போகும்போதும் அதே கூத்து.

இடுப்பில் ஊதா மையில் கோடுகள் போட்டிருந்தார்கள், கதிர் எங்கே பட வேண்டும் என்பதற்கு. குளித்தால் அழிந்துவிடும் என்பதால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. "வெட்டுறதுக்கு முன்னாடி மரத்துக்குக் கோடு போடுவோமில்ல மாஸ்டர், அதே மாதிரி போட்டுட்டாங்க" என்றார் முதல் வாரம். அப்போது சிரிக்கத் தெம்பு இருந்தது.

உள்ளே கூப்பிடும் முன் வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி வந்து எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பாள்: "வதுர பிவ்வாத?" தண்ணீர் குடித்தீர்களா என்று அர்த்தம். ஜெயம்மா வெறும் போத்தலைத் தூக்கிக் காட்டி, "பிவ்வா, மிஸ்" என்பார். குடித்தேன்.

மூன்றாவது வாரத்தில் சிரிப்பு நின்றது. பெஞ்சுக்கும் கழிவறைக்குமாக நடந்தார். பதினைந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். "வர்ற வழியில ரெண்டு தடவ எறங்கிட்டேன் மாஸ்டர். கண்டக்டர் ஏசிட்டான். வயித்தால போறது நிக்கவே இல்ல. இங்க சொல்லிராதீங்க, கரண்ட நிப்பாட்டிருவாங்க." கதிரை அங்கே எல்லாரும் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். நான் சொல்லிவிட்டேன். கூட ஆள் இல்லாததால் டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

இளம் டொக்டர். களைத்த முகம், ஆனால் கத்தவில்லை. கார்டின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சிங்களத்தில் விளக்கினார். கட்டிக்கு வைக்கிற கதிர் அக்கம்பக்கத்து நல்ல உறுப்புகளிலும் கொஞ்சம் படத்தான் செய்யும். சிறுகுடல் அதை அதிகம் தாங்காது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலை மேலே தள்ளி, கதிரின் வழியிலிருந்து விலக்கி வைத்திருக்கும். பை காலியாகக் கிடந்தால் குடல் கீழே சரிந்து வந்துவிடும். "அதற்குத்தானம்மா தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வரச் சொன்னோம்? குடிக்கவில்லையா?"

ஜெயம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார், இல்லை என்று.

பத்து நாள் நிறுத்தி, மாத்திரை கொடுத்து, கஞ்சி குடிக்கச் சொன்னார்கள். மீதி பதினொரு நாளில் இன்னொரு தடவை வயிறு இப்படிக் கெட்டால், கதிரை அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான் என்றார் டொக்டர். பாதியில் விட்டால் கட்டி சுருங்காது. ஜெயம்மா கேட்டது ஒன்றுதான்: "பட்ட காயம் ஆறுமா?" பெரும்பாலும் ஆறும் என்றார் டொக்டர்.

வெளியே வந்து ஜம்பு மரத்தடியில் நின்றோம்.

"ஏன் குடிக்கல ஜெயம்மா?"

"டிஸ்பென்சரி ஐயாகிட்ட தலவலின்னு போனாலும் தண்ணி குடிம்பாரு, கால் வீங்குதுன்னு போனாலும் தண்ணி குடிம்பாரு. இவங்களும் அப்பிடித்தான் சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன். நாங்க மலைக்குப் போனா பால் நிறுக்குற வரைக்கும் பச்சத்தண்ணி வாயில வைக்க மாட்டோம் மாஸ்டர். குடிச்சா ஒதுங்கணும். எங்க ஒதுங்குறது? கீழ அட்டை, மேல கங்காணி. இங்க குடிச்சா போற வழியில முட்டும். செக்பொயின்ட்ல அத்தன பேருக்கு நடுவுல எங்க போய் ஒக்காருறது?" பிறகு சொன்னார்: "அந்த மேசையில படுத்திருக்கயில சிந்திருச்சுன்னா அந்தப் பொண்ணு மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

மரத்தின் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "பால் வெட்டுறவ கத்தி பட்டையோட நிக்கணும். உள்ள மரத்துல பட்டுச்சோ, அந்த எடம் முண்டு முண்டா பொடச்சுக்கிட்டு நிக்கும், மறுபடி வெட்ட ஏலாது. என் மரத்துல அப்பிடிக் காயம் தேடிப் பாருங்க, கெடைக்காது. என் வயித்துல நானே பட வச்சுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க தண்ணிய ஊத்துறத நான் தெனமும் பாத்தேன் ஜெயம்மா."

"நீங்க பாக்குறத நானும் பாத்தேன் மாஸ்டர். கண்டும் ஒண்ணும் கேக்கலயே, நல்ல மனுசன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அது இன்னும் மோசம். தங்கியிருந்த வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்த அந்த இரண்டு வரியையும் கிழித்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து வந்தார். கன்னம் ஒட்டி, ரவிக்கை தோளில் தொங்கியது. வயிற்றுப்போக்கு ஒருவாறு நின்றிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து போத்தலைத் திறந்தார். ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடி, கசாயம் குடிப்பது போல் குடித்தார். "லயத்துல பழகிட்டு வந்தேன். குடிச்சிட்டு ஒரு மணித்தியாலம் அடக்கிப் பாத்தேன். மொத நாளு முடியல, பாவாட நனைஞ்சு போச்சு. பக்கத்துக் காம்பராக்காரி பேய் புடிச்சிருச்சான்னு கேக்குறா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

நாலாவது நாள் அவர் குடித்து முடித்த பிறகு மெஷின் நின்றுவிட்டது. அங்கே அது அதிசயமில்லை. அரை மணி என்றார்கள், பிறகு ஒரு மணி என்றார்கள். வெள்ளைக் கோட்டுப் பெண்ணே வந்து, கழிவறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி குடியுங்கள் என்று சொல்லிப் போனாள். பலர் எழுந்து போனார்கள். ஜெயம்மா போகவில்லை. "போய்ட்டு வர்றதுக்குள்ள கூப்புட்டுட்டா? காலிப் பையோட இன்னொரு நாள் படுக்க மாட்டேன் மாஸ்டர்." உட்கார முடியாமல் எழுந்து போய், ஜம்பு மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது. முழங்கால்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. அட்டை தேடிக் கணுக்காலைத் தடவ அன்று அவர் குனியவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மரத்தை விட்டுவிட்டு, நிரம்பிய பால் வாளியோடு சரிவில் இறங்குகிறவர் போல, அடிமேல் அடி வைத்து நடந்தார். வாசலில் அந்தப் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"வதுர பிவ்வாத, அம்மே?"

ஜெயம்மா போத்தலைக் காட்டவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, தன் அடிவயிற்றின் மேல் வைத்தார்.