ஹெய்ல்வென் அடுப்படியில் ஆங்கிலம் கிடையாது

எங்கள் முதியோர் இல்லத்துச் சமையல்காரி ஹெய்ல்வெனுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேல்ஸ் மொழியில் கேட்டால்தான் டீ. ஆங்கிலத்தில் கேட்டால் காதில் விழாத மாதிரி கேரட் நறுக்கிக்கொண்டிருப்பாள். இல்லத்தின் முதலாளியே ஒருமுறை கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார். வேன் ஓட்டும் நான் இந்த ஊர்க்காரன் என்பதால் எனக்கு மட்டும் கேக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

நேபாளத்திலிருந்து பிமலா முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தபோது, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சர்க்கரை கேட்டாள்.

"அதையெல்லாம் லண்டன்ல போய்க் கேளு," என்றாள் ஹெய்ல்வென், பாதி பேச்சும் பாதி சைகையுமாக. "இங்க எங்க பேச்சுல கேளு. தப்பா கேட்டாலும் தர்றேன்."

பிமலா தப்பாகவே கேட்டாள். கேட்டுக் கேட்டுத் தேறினாள். இறைச்சிக்கடைக்காரனோடு எங்கள் மொழியில் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டாள். நடுவில் ஆங்கிலம் பேச முயன்றபோதெல்லாம் நாங்களே அவளை மடக்கி எங்கள் பக்கம் இழுத்தோம். அவ்வளவு பெருமை எங்களுக்கு. தேவாலயத்தில் அவள் எழுந்து எங்கள் மொழியில் வேதம் வாசித்த அன்று ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஹெய்ல்வெனின் கணவர் இத்வாலும் எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார். நினைவு தப்பியவர். முதலில் ஆங்கிலம் போனது, பிறகு மனைவியின் முகம் போனது. அவள் கரண்டியை நீட்டினால் யாரோ அந்நியப் பெண் என்று வாயை இறுக்கிக்கொள்வார். பிமலா ஊட்டினால் மட்டும் சாப்பிடுவார். ஹெய்ல்வென் அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறி சூப்பைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று பார்ப்பாள். ஒருமுறை என்னிடம், "என் வீட்டுக்காரர் இன்னொருத்தி கையால சாப்பிடறார், எனக்குச் சந்தோஷமா இருக்கு. என்ன பொழப்பு பாரு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் லண்டன் நாடாளுமன்றத்தில் அரசர் கிரீடம் வைத்து உட்கார்ந்து, அரசாங்கம் கொண்டுவரப்போகும் சட்டங்களை வாசித்தார். வெளிநாட்டுப் பணியாளர்கள் விசாவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இன்னும் கடினமான ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும் என்பது அதில் ஒன்று. முதியோர் பராமரிப்பு வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் உள்ள எங்கள் அரசின் பொறுப்பு. பராமரிக்க வருகிற ஆளை உள்ளே விடுவது லண்டன் கையில். இதை எந்தப் புத்திசாலி பிரித்து வைத்தானோ.

எங்கள் தொகுதி உறுப்பினர் எம்ரிஸ் கார்டிஃப் சட்டசபையில் இருப்பவர். ஹெய்ல்வென் என்னை வேன் எடுக்கச் சொல்லி அவரைப் பார்க்கப் போனாள்.

"நம்ம சபை இந்தச் சட்டம் வேணாம்னு தீர்மானம் போட்டுடுச்சு அக்கா," என்றார் அவர்.

"அப்ப நின்னுடுச்சா?"

"நிக்காது. நம்ம கருத்தைச் சொல்லியிருக்கோம். விசா லண்டன் அதிகாரம்."

"கருத்து சொல்றதுக்கா தம்பி உனக்கு ஓட்டுப் போட்டேன்? அதை நான் அடுப்படியிலேயே சொல்லிக்குவேன்."

"அந்தப் பொண்ணு வேல்ஸ் மொழி நல்லாப் பேசுதுன்னு எழுதிக்கூடப் பார்த்தேன். அதுக்கு விசாவுல மதிப்பில்லைன்னு பதில் வந்துச்சு."

ஹெய்ல்வென் திரும்பி வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்க் கேரட்டை வெட்டித் தள்ளினாள்.

சட்டம் வந்தது. பிமலா தேர்வு எழுதினாள், தோற்றாள். வாய்மொழித் தேர்வில் உன் வேலையைப் பற்றிச் சொல் என்றிருக்கிறார்கள். "வாயத் தொறந்தா உங்க பேச்சுதான் வருதுக்கா," என்றாள் எங்களிடம். ஹெய்ல்வென் அன்று குழம்பில் உப்புப் போட மறந்தாள். அதற்கப்புறம் அடுப்படியில் ஆங்கிலம் மட்டும்தான் பேசினாள், பிமலாவைத் திருத்தித் திருத்திப் பேசவைத்தாள். மறு தேர்வுக்கு அது போதவில்லை. கொஞ்ச மதிப்பெண்ணில் மறுபடி தோற்றாள், விசாவும் முடிந்தது.

பிமலாவை விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவள் வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஹெய்ல்வென் கேக் பொட்டலத்தை மடியில் வைத்து, "நான்தான் உன்னக் கெடுத்தேன் பொண்ணு," என்றாள்.

"நீங்கதான்கா எனக்கு இந்த ஊரையே குடுத்தீங்க," என்றாள் பிமலா.

இப்போது இங்கிலாந்திலிருந்து வருகிற பெண்கள் இத்வாலுக்கு ஊட்டப் பார்க்கிறார்கள். நல்ல பெண்கள்தான். அவர்கள் பேசும் ஆங்கிலம் அவருக்குப் புரிவதில்லை. கையைத் தட்டிவிடுகிறார். ஆள் பாதியாகிவிட்டார். மருத்துவர் குழாய் வழியாக உணவு செலுத்துவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நேற்று ஹெய்ல்வெனே சூப்போடு போய் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"நீ யாரும்மா?" என்றார் இத்வால்.

"சமையல்காரி."

"அந்தப் பொண்ணு எங்க?"

"கடைக்குப் போயிருக்கா. நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."

"சரி, அவ வரட்டும்," என்று வாயை மூடிக்கொண்டார். ஹெய்ல்வென் கரண்டியைப் பிடித்தபடி, சூப் ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.