தேநீர் இடைவேளையில் ஓர் உரை

மாமல்லபுரத்தில் நடந்த மென்பொருள் மாநாட்டின் நேரலைப் பக்கத்தில், வந்தவர்கள் யாரும் அரங்கில் நடப்பதை உடனுக்குடன் எழுதலாம். நானும் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கு நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. கைபேசியில் ஒற்றை விரலால் தட்டி, உதட்டுக்குள் படித்துப் பார்த்த பிறகே பதிவிடுவார். 'பேச்சாளர் தண்ணீர் குடிக்கிறார்.' 'எல்லோரும் கை தட்டுகிறார்கள்.' எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்துப் பேச இருந்த இளம்பெண் போன மாதம் இறந்துவிட்டதாக மேடையில் அறிவித்தார்கள். ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு தேநீர் இடைவேளை. அரங்கம் காலியானது, அவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"டீ குடிக்க வரலையா சார்? மேடையில யாருமே இல்லையே?"

"எம் பொண்ணு பேசிக்கினு கீறா தம்பி," என்றார் நிமிராமல். "கேளம்பாக்கத்துல, வூட்டு ஹால்ல நின்னு தெனம் பேசிப் பாப்பா. கேக்க நான் ஒரு ஆளுதான். ஒண்ணும் புரியாது. ஆனா அல்லாம் மனப்பாடம்."

தேநீர் வரிசையில் நின்று நேரலைப் பக்கத்தைத் திறந்தேன். மகளின் உரை வரிவரியாக வந்துகொண்டிருந்தது. இடைவேளை முடியும் நேரத்தில், 'யாருக்காவது கேள்வி இருக்கிறதா?' என்று முடிந்தது.

காலையிலிருந்து எல்லாப் பேச்சாளர்களையும் கேள்வியால் குடைந்த நான், இரண்டு சொல் தட்டி அழித்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் கைபேசியையே பார்த்தபடி காத்திருந்தார்.