மிச்சம் பத்துப் பக்கம்

புதுப் புத்தகம் கைக்கு வந்தால் முதலில் மோந்து பார்க்கிற நாய்ப்பழக்கம் எனக்கு உண்டு. போன மாதம் அப்படி மோந்து பார்த்தது ஒரு சிறுவர் நாவல். பரிசு வாங்கியது என்று அட்டையில் பொன்னிற முத்திரை வேறு. பரிசு பெற்ற நகைச்சுவையைக் கண்டால் எனக்குப் பயம். நடுவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்து முடித்த விஷயத்தில் எங்களுக்கென்று என்ன மிஞ்சியிருக்கப் போகிறது? நானும் காலம்காலமாகச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன், எனக்கு ஒரு முத்திரையும் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் பக்கத்தில் தோற்றுப்போனேன். ஒல்லாந்தர் காலத்துக் கதை. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கிக் குண்டு காணாமற்போகிறது. எடுத்தவள் ஒரு பெத்தா. பாட்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மிளகாய் நசுக்க அவ்வளவு வாகான கல் அவளுக்கு ஆயுளில் வாய்த்ததில்லையாம். தேடி வந்த சிப்பாய், "மூட்டைக்குள்ள என்ன?" என்று அதட்டுகிறான். காது கேளாதவளாக நடிக்கிற பெத்தா முழங்காலைத் தடவியபடி, "மூட்டுக்குள்ள வாதம், மகன்" என்கிறாள்.

வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே இருந்தேன். எதற்கென்று சற்றுக் கழித்துத்தான் விளங்கியது. நசீர் "மறுகா?" என்று கேட்பதற்காகக் காத்திருந்திருக்கிறேன்.

நசீர் காத்தான்குடிக்காரன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மட்டக்களப்புக் கந்தோரில் எனக்கு அடுத்த மேசை. புதுப் புத்தகத்தின் பசை வாசம் என்னை எப்போதும் அங்கேதான் கொண்டுபோய் விடும். கடித உறை ஒட்டுவதுதான் நாங்கள் இருவரும் ஆற்றிய அரச பணி. மதியத்தில் வாவிக்கரையிலிருந்த சின்ன வாசிகசாலைக்குப் போவோம். பெரியவர்களின் அலுமாரிக்குத் திறப்பு தொலைந்து இரண்டு வருடமாகியிருந்தது. திறந்து கிடந்தது சிறுவர் அலுமாரி மட்டும். ஆகவே மீசை வைத்த அரச ஊழியர் இருவர், குட்டிக் கதிரைகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து நரிக்கதை படித்தோம். 'படித்தோம்' என்பது பொய். நசீருக்கு எழுத்தைக் கண்டால் தலையிடி.

"நீ வாசி மச்சான், நான் சிரிக்கிறன். வேலயப் பங்கு போடுவம்."

பங்கு நேர்மையாகவே நடந்தது. பக்கம் முடிகிற இடமெல்லாம் "மறுகா?" என்பான். 'பிறகு' என்பதற்கு எங்கள் நாட்டுச் சொல். நான் வேண்டுமென்றே இருமித் தாமதித்தால் கோபம் வந்துவிடும்.

"மறுகா என்னடா? குரங்கத் தண்ணிக்குள்ள உட்டுட்டு நீ இருமுறாய்!"

அந்தக் குரங்குக் கதைதான் கடைசி. கப்பலில் ஒளிந்து ஊரைவிட்டுப் போன குரங்கு, ஊர் நினைவு வந்து கடலில் குதிக்கிறது. கரை தெரியவில்லை. பத்துப் பக்கம் மிச்சம் இருக்கும்போது கந்தோருக்கு நேரமாகிவிட்டது.

"நாளைக்கு வாசிப்பம். நானில்லாம வாசிச்சிராத" என்றான்.

மறுநாள் அவன் வரவில்லை. எங்கள் தமிழ்ச் சனமும் அவர்கள் முஸ்லிம் சனமும் ஒருவர் தெருவில் ஒருவர் கால்வைக்கப் பயந்த காலம் அது. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு அந்தப் பத்துப் பக்கத்தையும் தனியே வாசித்தேன். அவன் கட்டாருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். திரும்பி வந்ததாகவும் கேள்விப்பட்டேன். பாதை எப்போதோ திறந்துவிட்டது. பஸ்ஸில் கால்மணி நேரம். நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று முதலில் சில வருடம். இத்தனை வருடம் போகாமல் இனி எப்படிப் போவது என்று மீதி வருடங்கள்.

பீரங்கிக் குண்டுப் பெத்தாதான் என்னை பஸ் ஏற்றிவிட்டாள்.

நசீர் வாசலில் கதிரை போட்டு இருந்தான். தாடி முழுக்க வெள்ளை. "டேய், கொழுத்துட்டாய்டா!" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக் கட்டிப்பிடித்தான். மன்னிப்புக் கேட்கிற பகுதியைத் தவிர்க்கவோ என்னவோ, நான் உடனே புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். மூட்டை வந்தது, மூட்டு வந்தது. அவன் சிரிக்கவில்லை. ஆனால் நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

தேத்தண்ணி கொண்டுவந்த அவன் மகன் மெல்லச் சொன்னார்: "வாப்பாக்கு ரெண்டு காதும் கேக்காது மாமா. கட்டார்ல ஜெனரேட்டருக்குப் பக்கத்துலதான் அவ்வளவு வருஷமும் வேலை."

காது கேளாதவளாக நடிக்கிற கிழவியின் கதையைத் தேடிப்பிடித்து இவனிடம் கொண்டுபோக என்னால் மட்டுமே முடியும். புத்தகத்தை மூடினேன்.

மூடியதைப் பார்த்த நசீர், என் முழங்காலில் தட்டி, அந்த உரத்த குரலில் கேட்டான்.

"மச்சான், அந்தக் குரங்கு கடல்ல குதிச்சதே. மறுகா?"

எழுதிக் காட்டலாமென்று பேனையை எடுத்தேன். எழுத ஒன்றுமில்லை. அவனில்லாமல் திருட்டுத்தனமாக வாசித்த அந்தப் பத்துப் பக்கத்தில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. குரங்கு கரை சேர்ந்ததா, தெரியாது. புத்தகத்தின் பெயரும் தெரியாது. வாசிகசாலை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள்.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயை அசைத்தேன். என்ன சொன்னேனோ, எனக்கே கேட்கவில்லை.

நசீர் சிரித்தான்.