ஹெடர் அண்ணன் கையால் எழுதிய எண்

ஹெடர் அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று ஆபீஸில் யாருக்கும் நினைவில்லை. நான் சேர்ந்தபோதே அவர் ஹெடர்தான். மேனேஜர் மேடம்கூட ஒரு மீட்டிங்கில், "ஹெடர் என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் முகம் மாறவில்லை. அவருடைய அம்மா தவறியபின் அவர் முகம் எதற்கும் மாறுவதில்லை.

எனக்கு அவருடைய பக்கத்து சீட். குடியிருப்பதும் அவர் வீட்டு மாடியறையில்தான். அந்த அறையை அண்ணியின் தம்பியோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். இரவுச் சாப்பாடு கீழே, எல்லோரும் சேர்ந்து. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் என் வேலையை ஊரில் இருக்கும் அப்பாவுக்கு விளங்கும்படி சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. எந்த ப்ரோக்ராம் எந்தக் கோப்பைத் திறப்பதானாலும் அதனிடம் கேட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த வாசலில் உட்கார்ந்து யார் வந்தார், என்ன கேட்டார் என்று பார்த்துச் சொல்வது எங்கள் ப்ரோக்ராம். யாரையும் தடுக்காது. சிக்கல் எங்கே என்றால், க்ளையண்ட்டின் மெஷின்கள் ஒரே ஜாடையில் இருப்பதில்லை. சிலது பழசு, சிலது புதுசு, சிலவற்றில் ப்ராசஸரே வேறு ஜாதி. எல்லாவற்றிலும் ஒரே ப்ரோக்ராம் ஓட வேண்டும். அதற்காகக் கெர்னலின் உள் அமைப்பு முழுவதையும் ஒரு மெஷினிடமிருந்தே ஒரு பெரிய கோப்பாக எடுத்துக்கொள்வோம். வீட்டு வரைபடம் மாதிரி. சுவர் எங்கே, கதவு எங்கே எல்லாம் அதில் இருக்கும். வேறு மெஷினில் ஒரு கதவு தள்ளியிருந்தால், ப்ரோக்ராம் அங்கே ஏறும்போதே தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

ஆனால் வீட்டார் எந்த அறையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது வரைபடத்தில் வராது. எண்களுக்கு வைத்த பெயர்கள் அப்படிப்பட்டவை. 'ஃபோல்டராகத் திற' என்பதற்கு ஒரு எண், 'டிஸ்க்கை நேராகத் தொடு' என்பதற்கு வேறொரு எண். இந்தப் பெயர்கள் ஹெடர் என்ற கோப்புகளில்தான் கிடக்கும். அவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டால், சொன்னதையே இரண்டு கோப்பும் சொல்கின்றன என்று, நாங்கள் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் சண்டைக்கு வரும். ஆகவே விடுபட்ட பெயர்களையும் எண்களையும் மட்டும் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கைவேலை அண்ணனுடையது. ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது, எந்த மெஷினுக்குப் பொருந்தும் என்று ஒரு வரி எழுதிவைப்பார்.

"பெத்த பிள்ளைக்குக்கூட யாரும் இவ்ளோ குறிப்பு வெக்க மாட்டாங்கண்ணே."

"பிள்ளை தப்புப் பண்ணினா வீட்டோட போயிடும்" என்றார், தலையைத் தூக்காமல்.

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாளே வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டேன். "வீட்ல உக்காந்து என்ன பண்ணச் சொல்ற?" என்றார். அந்த வாரம் பகல் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தார். தேநீரைக் கொண்டுவந்து வைத்தால் ஆறி ஏடு படியும், அப்புறம் அதையும் குடித்துவிடுவார்.

பிறகு க்ளையண்ட் புது மெஷின்கள் வாங்கினார்கள். பேக்கப் எடுக்கும் வேலையை அவற்றுக்கு மாற்றினார்கள். எல்லாம் மெதுவாகிவிட்டது. எங்கள் ப்ரோக்ராமை ஏற்றிப் பார்த்தார்கள். ரிப்போர்ட் வந்தது: பேக்கப் ப்ரோக்ராம் டிஸ்க்கை நேராகத் தொடுகிறது, ஓயாமல். அப்படிச் செய்யவே கூடாது என்பது அங்கே கறாரான கட்டளை. பேக்கப் ப்ரோக்ராம் எழுதியவன் சின்னவன். அண்ணன் சொல்லித்தான் அவனுக்கு அந்த க்ளையண்ட்டிடம் வேலை கிடைத்திருந்தது.

திங்கட்கிழமை கூடிப் பேசி முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். அவனை அனுப்பிவிடுவதுதான் முடிவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறு இரவு சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணிதான் ஆரம்பித்தார்.

"நீங்க எழுதினதுதானே இவன் மேல கை காட்டுது?"

"அது பாத்ததச் சொல்லும்."

"பொய் சொல்லாதா?"

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப என் தம்பிக்குத் தெரியும். அதானே?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடித்தேன். இன்னும் கொஞ்சம் குடித்தேன்.

"அக்கா, விடு" என்றான் சின்னவன். "மாமா, நான் ஃபோல்டரத் திறப்பேன், உள்ள என்ன இருக்குன்னு பாப்பேன், அடுத்த ஃபோல்டருக்குப் போவேன். என் ப்ரோக்ராம் பண்றது அவ்ளோதான். டிஸ்க்க நேராத் தொடுறதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்க பக்கத்து சீட்ல இவன் எதுக்கு, நான் உக்காந்திருப்பேன்."

அண்ணன் மென்றுகொண்டிருந்தது நின்றது.

"ஃபோல்டரா?" என்றார்.

"ஆமா மாமா. ஃபோல்டர்தான்."

அண்ணன் எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் காலை ஆபீஸில் எங்களுக்கு முன்னால் பெருக்க வருபவர் மட்டும்தான் வந்திருந்தார். புது மெஷின்களில் ஒன்றைச் சோதனைக்காக எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதில் காலியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கினார். எங்கள் ப்ரோக்ராமை ஓடவிட்டார். ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

திரையில் வரி வந்தது. டிஸ்க்கை நேராகத் தொடுகிறார்.

மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடி அதே வரி.

பிறகு எண்கள் இருக்கும் கோப்பை எடுத்தார். மேலிருந்து கீழே வரிசையாகக் குறிப்புகள். அம்மாவின் காரியம் முடிந்த வாரத்து எண்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. தன் மேஜையில் இருந்த பழைய வகை மெஷினின் எண்ணை அப்படியே எழுதியிருந்தார். அந்த மெஷினில் 'டிஸ்க்கை நேராகத் தொடு' என்பதற்கு எந்த எண்ணோ, புது ப்ராசஸரில் அதே எண்ணுக்கு அர்த்தம் 'ஃபோல்டராகத் திற'. ஒரே எண்தான், ப்ராசஸருக்குத் தக்கபடி பொருள் வேறு. சின்னவன் ஃபோல்டரைத் திறந்தபோதெல்லாம் எங்கள் ப்ரோக்ராம் அவன் டிஸ்க்கைத் தொட்டதாகச் சொல்லியிருக்கிறது.

"அண்ணே" என்றேன்.

"பாத்துட்டேன்" என்றார்.

மேடம் வந்ததும் உள்ளே போனோம். அண்ணன் நின்றபடியே சொல்லி முடித்தார். மேடம் வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்களா இப்படி விட்டீங்க?"

"அந்த வாரம் எழுதினது மேடம். கை எழுதிடுச்சு."

"இந்த ரிப்போர்ட்ட நம்பித்தான் அவங்க நம்மளயே வெச்சிருக்காங்க. தப்புன்னு நம்ம வாயாலயே சொன்னா, இனிமே எதைச் சொன்னாலும் நம்புவாங்களா?" கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க மச்சினனுக்கு நானே நம்ம ஆபீஸ்ல ஒரு இடம் பாத்துத் தரேன். நாளைக்கே சேரலாம். எண்ணைச் சத்தமில்லாமத் திருத்திடுங்க. பழைய ரிப்போர்ட் பழைய ரிப்போர்ட்டாவே இருக்கட்டும்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவனுக்கு வேலை, எங்களுக்கும் வேலை. அண்ணனைப் பார்த்தேன்.

"அவன் அதைச் செய்யல மேடம்."

"எனக்குப் புரியுது."

"அவங்களுக்கும் புரியணும்ல."

மீட்டிங்கில் க்ளையண்ட் தரப்பில் மூன்று பேர். ஓரத்து நாற்காலியில் சின்னவன், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. அண்ணன் பெரிய திரையில் காலி ஃபோல்டரைத் திறந்து காட்டினார். வரி வந்தது. "இந்த ஃபோல்டர நான் இப்பத்தான் உண்டாக்கினேன். உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா டிஸ்க்க நேராத் தொட்டேன்னு சொல்லுது. தப்பு என்னோடது. அவரோடது இல்ல" என்றார். சொந்த மச்சினனை 'அவர்' என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எண்ணை ப்ராசஸருக்கு ஏற்றபடி பிரித்து எழுதி மறுபடி ஓடவிட்டார். திரை வெறுமையாக இருந்தது.

க்ளையண்ட் பெரியவர் சின்னவனைப் பார்த்து, "நீங்க போய் வேலையப் பாருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் அவன் விவகாரம். எங்கள் ப்ரோக்ராமை எல்லா மெஷின்களிலிருந்தும் அன்றே இறக்கிவிட்டார்கள். அவை மெதுவானதற்கு உண்மையான காரணத்தை இப்போது வேறு ஆட்கள் தேடுகிறார்கள்.

அண்ணனை ஹெல்ப் டெஸ்க்குக்கு மாற்றினார்கள். காதில் ஹெட்செட், நாள் முழுக்க பாஸ்வேர்ட் மறந்தவர்கள். "ஹெடரு இப்ப ஹெட்செட்டு" என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். எண்கள் கோப்பு என்னிடம் வந்தது.

அன்று இரவும் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அண்ணி அண்ணன் தட்டில் இரண்டாம் முறை கேட்காமலே பரிமாறினார். "போதும்" என்றார் அவர். "சாப்பிடுங்க" என்றார் அண்ணி. சாப்பிட்டார். சின்னவன் தன் தட்டோடு அவர் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினான். அந்த வீட்டில் அவன் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை. அண்ணன் கைகளை மேஜைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு எண்ணில் சந்தேகம் வந்து ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் செய்தேன். எண்ணையும் அதற்கு வைத்த பெயரையும் சொல்லி, "இது சரிதானாண்ணே?" என்று கேட்டேன்.

"எந்த மெஷினுக்கு?" என்றார். அதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்ட் சத்தம் கேட்டது.

"சரிதான். பக்கத்துல எழுதி வெச்சுக்கோ" என்றார். பிறகு, வேறு யாரோ காத்திருக்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டார்.