ஐறிஸ் அன்ரி பிடித்துக் கொடுத்த ஆள்

தாண்டவன்வெளியில் யாருக்கு எந்த ஆள் தேவைப்பட்டாலும் முதலில் ஐறிஸ் அன்ரியைத்தான் கேட்பார்கள். கிணறு இறைக்க ஆள், கலியாணத்துக்குப் படம் பிடிக்க ஆள், கைக்குழந்தையைப் பார்க்க நம்பிக்கையான ஒரு பெண், எல்லாம் அவளுடைய நாக்கு நுனியில் இருக்கும். கேக் ஓடர் எடுத்தே பாதி மட்டக்களப்பைப் பழக்கம் பிடித்தவள். “ஆத்துக்குள்ள விழுந்த ஊசிய எடுக்கவும் நீ ஆள் பிடிச்சுத் தருவாய்” என்று கணவன் ஒஸ்வல்ட் உயிரோடு இருந்த காலத்தில் கேலி பண்ணுவான்.

அப்படிப்பட்டவள் இந்த மாசி மாதம் ஒரேயொரு ஆளைத் தேடி அலைந்தாள். மனித உடலின் கூறுகளைச் சொல்லிக்கொடுக்கும் அனற்றமிப் பாடத்துக்கு ஒரு வாத்தியார். பிடித்துத் தரும்படி யாரும் அவளைக் கேட்கவில்லை. கேளாமலே அவள் ஏன் அலைந்தாள் என்றால், அதற்குக் கதை தைப்பொங்கல் லீவுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

வீட்டின் வாவிப் பக்க அறையில் இரண்டு மருத்துவ மாணவிகள் தங்கிப் படிக்கிறார்கள். கம்சாயினி வவுனியாப் பிள்ளை, ஸாதியா புத்தளத்துப் பிள்ளை. ஸாதியா கெட்டிக்காரி, தப்பிவிட்டாள். கம்சாயினி முதல் தடவை அனற்றமியில் கோட்டை விட்டவள். பங்குனியில் திரும்ப எழுதவேண்டும். அதிலும் தவறினால் கூடப் படித்தவர்கள் மேலே போக, இவள் மட்டும் பின்னால் வரும் பிள்ளைகளோடு உட்காரவேண்டியதுதான்.

பொங்கலுக்கு இருவரும் ஊருக்குப் போனதும், அறையைக் கழுவலாம் என்று ஐறிஸ் கட்டிலுக்கடியில் கிடந்த பிஸ்கட் பெட்டியை இழுத்தாள். பழைய சீலைத் துண்டை விலக்கினால் மண்டையோடு. அதன் கீழே கை, கால், விலா எலும்புகள். அவள் ஒன்றும் தெரியாதவள் அல்ல. டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் எலும்பு வைத்திருப்பார்கள் என்று விளங்கியது. ஆனால் பக்கத்தில் ஒரு சோடி பழஞ்செருப்புக் கிடந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு மனிதன் செருப்போடு செருப்பாகக் கட்டிலடியில் கிடப்பதா?

ஒஸ்வல்ட் தச்சன். ஆஸ்பத்திரியில் கேட்க ஆளில்லாமல் கிடக்கும் பிரேதங்களுக்கு மிச்சப் பலகையில் சும்மாவே பெட்டி அடித்துக் கொடுப்பான். “பெட்டியில்லாம ஒருத்தரும் மண்ணுக்குள்ள போகப்படாது” என்பது அவனுடைய கொள்கை. அவனோடு முப்பது வருசம் குடித்தனம் நடத்தியவளுக்கு வேறெந்த யோசனை வரும்? அவனுடைய ஆயுதப்பெட்டியிலிருந்து உளியையும் சீவுளியையும் எடுத்து வெளியே வைத்தாள். எலும்புகளை அதற்குள் அடுக்கினாள். கொல்லையில் ஜம்பு மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்து, மெழுகுதிரி கொளுத்தி, இந்த மனிதனுக்கு இளைப்பாற்றி கிடைக்கட்டும் என்று செபம் சொன்னாள். பிள்ளைகள் வந்தால் வேறு வாங்கிக்கொள்வார்கள், புத்தகம் தொலைந்தால் வாங்குவதில்லையா என்று நினைத்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். கட்டிலடியைப் பார்த்த கம்சாயினியின் முகம் வெளிறிப்போயிற்று.

“அன்ரி, நாங்க இல்லாதநேரம் எங்கட அறைக்குள்ள ஆரும் வந்தவங்களா?”

“இல்லயே புள்ள, ஆரு வர?” என்று ஐறிஸின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. “என்ன, கடையில வாங்கேலாத சாமானா?”

“அது ஒருபக்க எலும்பு செட் அன்ரி. சீனியர்மார் தந்தது. அவங்களுக்கு அவங்கட சீனியர்மார் குடுத்தது. எக்ஸாம் முடிய நாங்க அடுத்த பட்சுக்குக் குடுக்கணும். பிளாஸ்ரிக்ல விக்கிறாங்கதான், அதில மேடு பள்ளமெல்லாம் சரியா விளங்காது. கெம்பஸ்ல இருக்கிறத வீட்ட கொண்டுவரவும் விடமாட்டாங்க.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பத்தடி நடந்து ஜம்பு மரத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் இல்லையென்று சொன்ன வாயால் ஓம் என்று சொல்ல வெட்கம். செபம் சொல்லிப் புதைத்ததைத் தோண்டுவது பாவமோ என்ற பயம் வேறு. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளையும் வந்து போனது.

கம்சாயினி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்பினாள். சீனியர்மாரிடம் ஏச்சு வாங்கினாள். ஒருநாள் பின்னேரம் அவள் தாயோடு போனில் கதைப்பது குசினிக்குக் கேட்டது. “நான்தானம்மா ஜன்னலத் திறந்துபோட்டு வந்திரிக்கன் போல. என்ட பிழைதான்.” ஐறிஸ் முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. செய்யாத பிழையை ஒரு பிள்ளை தன் தலையில் போட்டு அழுகிறது, செய்தவள் இங்கே நின்று லவ் கேக்குக்கு முட்டை அடிக்கிறாள். தன்னைப்போல ஒரு கள்ளி இந்த ஊரில் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

உண்மையைச் சொல்லும் தைரியம் அப்போதும் வரவில்லை. வந்தது வழக்கமான யோசனைதான்: ஆள் பிடிப்பது. நல்ல வாத்தியார் ஒருவர் கிடைத்தால் எலும்பு இல்லாமலே பிள்ளை பாஸ் பண்ணிவிடும், தானும் தப்பிவிடலாம்.

முதலில் காத்தான்குடிக்குப் போனாள். டொக்டர் ஷிஹானின் மகள் கலியாணத்துக்குக் கேக் அடித்தது அவள்தான். “அனற்றமியா? அத நான் எக்ஸாம் ஹோலுக்குள்ளயே விட்டுட்டு வந்திட்டன் அன்ரி” என்று அவர் சிரித்தார். பிறகு இரக்கப்பட்டு ஒரு பெயர் சொன்னார். குருக்கள்மடத்துத் திவாகரன், கடைசிச் சோதினையும் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்குக் கடிதம் வருமட்டும் வீட்டில் சும்மா இருக்கிறான், ஜூனியர்களுக்கு அனற்றமி சொல்லிக் கொடுத்துப் பழக்கமுள்ளவன்.

அடுத்த நாள் குருக்கள்மடத்தில் இறங்கினால் அவன் வீட்டில் இல்லை. வாவிக்கு அக்கரையில் தகப்பன் நல்லரத்தினத்தின் வயல்வட்டையில் நெல் வேளாண்மை வெட்டாம். ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவையில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்று அக்கரைக்குப் போனாள். அங்கிருந்து ஓட்டோவில் போய், வரம்பில் தட்டுத்தடுமாறி நடந்தாள். இடது முழங்கால் அவளுக்கு எப்போதும் வருத்தம்; அன்றைக்கு வீங்கியே போனது. வேணும், எனக்கு நல்லா வேணும் என்று நடந்தாள்.

வயலுக்குள் வெட்டு மெசின் ஓட, வரம்பில் குடை பிடித்துக் குந்தியிருந்தான் திவாகரன். விசயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“வாறன் அன்ரி. எனக்கும் சும்மா இருந்து விசர் பிடிக்குது. சனிக்கிழமை வாறன். எலும்பு செட்ட எடுத்து வைக்கச் சொல்லுங்க.”

ஐறிஸுக்கு வரம்பு வழுக்கியது போல இருந்தது. “எலும்பில்லாம, படத்தக் காட்டிச் சொல்லிக் குடுக்கேலாதா தம்பி?”

“நீங்க படத்தக் காட்டி ஆருக்கும் கேக் அடிக்கப் பழக்குவீங்களா? கையில எடுத்துத் தடவிப் பாத்தாத்தான் அனற்றமி. எலும்பு இல்லையெண்டா நான் வந்து பிரயோசனமில்ல.”

தப்பிக்கத் தேடிய ஆளே அவளைப் பிடித்துவிட்டான். திரும்பி வரும்போது மிதவையில் பழக்கமான ஒருத்தி கதை கொடுத்தாள். ஐறிஸின் வாய் மூடியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்ததாக அந்தப் பெண் பிறகு ஊரெல்லாம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை, பிள்ளைகள் நூலகத்துக்குப் போன நேரம், ஐறிஸ் மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனாள். பெட்டி ஈரமாகிக் கிடந்தது, எலும்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைத்துத் துடைத்து எடுத்து வைத்தாள். செபம் சொல்லிப் படுக்க வைத்த ஒருவரைத் தட்டி எழுப்புவது போல இருந்தது. ஒரு துண்டாவது மண்ணில் இளைப்பாறட்டும் என்று, பிஸ்கட் அளவில் இருந்த ஒரு சின்ன எலும்பைக் கைக்குட்டையில் சுற்றித் திரும்பவும் குழிக்குள் வைத்து மூடினாள். இத்தனூண்டு எலும்பை யார் தேடப்போகிறார்கள்?

திவாகரன் வந்து, பிள்ளைகளும் வந்து, எலும்பு காணாமற்போன கதையைக் கம்சாயினி கண் கலங்கிச் சொல்லத் தொடங்கியபோது, ஐறிஸ் ஆயுதப்பெட்டியைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“நான்தான் புள்ள எடுத்தன். ஜம்பு மரத்தடியில தாட்டுப்போட்டன். கேட்டநேரம் பொய் சொன்னன்.”

கம்சாயினி ஏசவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஐறிஸுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். கடைசியில் ஸாதியாதான் வாய் திறந்தாள். “நீங்க அடக்கினது பிழையெண்டு நான் சொல்லமாட்டன் அன்ரி. எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.”

திவாகரன் இங்கிதம் தெரிந்தவன். பேச்சை வளர்க்காமல் எலும்புகளை மேசையில் பரப்பினான். இடுப்பெலும்பைத் தூக்கிக் காட்டி, “இது ஆம்பிளையா பொம்பிளையா?” என்று கேட்டான். கம்சாயினி விரலால் அளந்து பார்த்து, “பொம்பிளை” என்றாள். தேத்தண்ணீர் கொண்டுவந்த ஐறிஸ் நின்றுவிட்டாள். அன்றைக்கு ‘இந்த மனிதனுக்கு’ என்றல்லவா செபம் சொன்னாள். பெட்டியும் இரவல், செபமும் பிழை.

“முழங்கால் சில்லக் காணல்லியே” என்றான் திவாகரன். “எக்ஸாமில அவங்களுக்குப் பிடிச்ச சாமான் அது. கையில தந்து எந்தப் பக்கத்துச் சில்லு எண்டு கேப்பாங்க. மேசையில வச்சா தன்ட பக்கத்துக்கு லேசாச் சரியும். அத வச்சுத்தான் கண்டுபிடிக்கிற. மண்ணுக்குள்ள விழுந்திட்டோ?”

எல்லோரும் ஐறிஸைப் பார்த்தார்கள். இப்போதுதான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறாள், அதற்குள் இன்னொன்றா? அங்கே படுத்திருப்பவள் ஒரு பெண் என்று தெரிந்த பிறகு அந்தக் கடைசித் துண்டையும் பறிக்க மனம் வரவில்லை.

“தெரியா தம்பி. என்ட காலப் பாருங்களன்” என்று கதிரையில் உட்கார்ந்து இடது முழங்காலை நீட்டினாள்.

வேறு வழியில்லாமல் திவாகரன் அதை வைத்தே சொல்லிக்கொடுத்தான். கம்சாயினி தரையில் குந்தி, அந்த வீங்கிய முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, சில்லைப் பக்கம் பக்கமாக அசைத்துப் பார்த்தாள்.

“நோகுதா அன்ரி?”

“இல்ல புள்ள” என்றாள் ஐறிஸ். உயிர் போனது.

சனிக்கிழமைகள் ஓடின. திவாகரன் நல்ல வாத்தியார்தான், அதில் ஐறிஸின் கணக்குப் பிழைக்கவில்லை. சோதினையும் வந்தது. முடிவு தெரிந்த அன்று கம்சாயினி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள்.

“பாஸ் அன்ரி. மட்டுமட்டாத்தான், ஆனா பாஸ்.” ஐறிஸைக் கட்டிப்பிடித்தாள். “வாய்ச் சோதினையில முழங்கால் சில்லத்தான் தந்தாங்க. எந்தப் பக்கமெண்டு விளங்கல்ல. உங்கட கால நினைச்சு இடது எண்டன். பாத்தா வலது. பரவாயில்ல, அது ஒண்டுதான் பிழைச்சது.”

ஐறிஸுக்கு அந்தப் ‘பரவாயில்ல’ தாங்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள்.

“அந்தச் சில்லு மண்ணுக்குள்ள தவறி விழல்ல புள்ள. நான்தான் வேணுமெண்டு வச்சன். அண்டைக்குத் திவாகரன் தம்பி கேக்கக்குள்ளயும் எனக்குத் தெரியும்.”

கம்சாயினியின் சிரிப்பு நின்றது. வாவிக்கரைப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது.

“அந்த ஒண்டால நான் பெயிலாகியிருந்தா, அன்ரி?”

யாருக்கும் எதையும் தேடிப்பிடித்துக் கொடுப்பவள், ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நின்றாள்.

கம்சாயினி மண்வெட்டியை எடுத்தாள். நாளைக்கு அடுத்த பட்ச் பிள்ளைகள் வருவார்கள், செட்டை முழுசாகக் கொடுக்கவேண்டும். குழிக்கு மேலே ஓங்கியவள், என்ன நினைத்தாளோ, மண்வெட்டியைத் தாழ்த்தினாள்.

“நீங்க முதல்ல செபத்தச் சொல்லுங்க. இந்த மனிசியிட்ட ஒருத்தரும் ஒரு சம்மதமும் கேட்டிருக்கமாட்டாங்க. சொல்லிப்போட்டு எடுப்பம்.”

ஐறிஸ் நோகிற முழங்காலை மடித்து மண்ணில் ஊன்றினாள். செபம் வரவில்லை. “மன்னிச்சுக்கொள்ளுங்க மகள்” என்றுதான் வந்தது. மண்ணுக்குள் கிடப்பவளிடம் சொன்னாளா, மண்வெட்டியோடு நின்றவளிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.